விடிந்தால் ஒழுகும் மூக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புறச் சிற்றூரிலிருந்து 34 வயதுச் சகோதரி ஒருவர் மருத்துவரான எனக்கு நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

செம்பனைக் காட்டை ஒட்டிய பழைய லயத்து வீட்டில் கணவர், மாமனார், மாமியார், ஏழு வயது மகன் ஆகியோருடன் வசிக்கிறார். நான்கு ஆண்டுகளாகக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஃபேக்டரி பஸ் 5.45க்கு வந்துவிடும் என்பதால் விடியற்காலை ஐந்து மணிக்கே எழ வேண்டும். எழுந்து உட்கார்ந்ததும் பதினைந்து, இருபது தும்மல். அப்புறம் "குழாயைத் திறந்துவிட்ட மாதிரி" மூக்கிலிருந்து தண்ணீர். கண்ணும் மேலண்ணமும் அரிக்கும். காலை பத்து மணிவாக்கில் தானாகவே அடங்கிவிடும். மூன்று ஆண்டுகளாக இப்படித்தான். வேலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையிலும் இதேதான்.

மூன்று முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கிறார், பயனில்லை. சளிக்கான மஞ்சள் நிற மாத்திரை போட்டால் மூக்கு நிற்கிறது, ஆனால் ஒருநாள் இயந்திரத்தின் முன் நின்றபடியே கண் சொக்கிவிட்டது. ஐந்து மாதமாக மருந்துக்கடையில் வாங்கிய மூக்குச் சொட்டு மருந்து ஒன்றைப் பயன்படுத்துகிறார். முதலில் இரவில் மட்டும் விட்டுக்கொண்டிருந்தது இப்போது ஒரு நாளைக்கு ஐந்து முறையாகிவிட்டது. அது இல்லாமல் தூங்க முடியவில்லை.

மாமியார், "அந்தி நேரத்தில் தலைக்குக் குளிக்கிறாய், நீர் கோத்துக்கொண்டது" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே சதை வளர்ந்திருக்கிறது, சைனஸ், ஆபரேஷன்தான்" என்று பயமுறுத்தியிருக்கிறார். அவருடைய கேள்விகள் மூன்று. இது சைனஸா? அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமா? கையுறைத் தூசியால் வந்தது என்றால் வேலையை விட்டுவிடலாமா?

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "மகனுக்கும் மூக்கு ஒழுகுகிறது, ராத்திரியில் இருமுகிறான், அத்தை பாலை நிறுத்தச் சொல்கிறார்கள்."

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தை மடித்து வைத்த பிறகும் என் மனதில் நின்றது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான். அதற்குக் கட்டாயம் வருவேன். முதலில் உங்கள் மூக்கு.

இது தீராத சளி அல்ல

மூக்கு ஒழுகுவதே ஒரு நோய் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் மூக்கு எப்போதும் நீரைச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றை இழுக்கிறோம். அதை வெதுவெதுப்பாக்கி, ஈரமாக்கி, தூசியைப் பிடித்து நிறுத்தி நுரையீரலுக்கு அனுப்புவது மூக்கின் வேலை. அதற்காக மூக்கும் அதைச் சார்ந்த அறைகளும் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லிட்டர் சளிநீர் சுரக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் அதைப் பின்பக்கமாகத் தொண்டைக்குத் தள்ளிவிடுகின்றன, நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். உள்ளே ஏதாவது உறுத்தினால் அதைக் கழுவித் தள்ள மூக்கு நீரைக் கூட்டுகிறது. அப்போதுதான் முன்பக்கமும் வழிகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "என் மூக்கு எதைக் கழுவப் பார்க்கிறது?" என்பதுதான்.

அதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வைரஸால் வரும் சாதாரணச் சளி தொண்டைக் கரகரப்போடு தொடங்கும், உடல் வலி இருக்கும், சிலருக்குக் காய்ச்சல் அடிக்கும். இரண்டு மூன்று நாளில் மூக்குநீர் கெட்டியாகும். ஏழு முதல் பத்து நாளில் ஆள் தேறிவிடுவார். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வருவது சகஜம். ஆனால் எந்த வைரஸும் காலை ஐந்து மணிக்கு வந்து பத்து மணிக்குக் கிளம்பிப் போகாது. தண்ணீர் போன்ற ஒழுக்கு, அடுக்குத் தும்மல், கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு, காய்ச்சலே இல்லை, மூன்று ஆண்டாக ஒரே நேரம். இவை எல்லாம் சேர்ந்து சொல்வது மூக்கு ஒவ்வாமையை, அதாவது அலர்ஜியை. குறிப்பாக அந்த அரிப்பு. சளிக்கு அரிப்பு அதிகம் இருக்காது.

ஆன்டிபயாட்டிக் ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது புரியும். அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. ஒவ்வாமையில் கொல்ல எதுவும் இல்லை. சாதாரணச் சளிக்கும் அது உதவாது. மூக்குச்சளி பச்சையாக வந்தால் ஆன்டிபயாட்டிக் கட்டாயம் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வைரஸ் சளியிலும் நான்காம் ஐந்தாம் நாளில் பச்சை நிறம் வரும். கிருமியோடு போராடும் வெள்ளணுக்களில் உள்ள ஒரு பொருளின் நிறம் அது. நிறத்தை மட்டும் பார்த்து அடுத்த முறை ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள்.

சைனஸ் என்பது நோயின் பெயரும் அல்ல. கன்னம், நெற்றி, மூக்கின் பக்கவாட்டு, அதற்கும் பின்னே என்று நான்கு ஜோடிக் காற்றறைகள் நம் எல்லோர் முகத்திலும் இருக்கின்றன. அவற்றின் பெயர்தான் சைனஸ். அவை அழற்சி அடைந்தால் கெட்டிச் சளி, முகத்தில் பாரமான வலி, மணம் தெரியாமல் போவது இதெல்லாம் இருக்கும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. பக்கத்து வீட்டு அக்கா டார்ச்சில் பார்த்த "சதை" அநேகமாக எல்லோருக்கும் பிறவியிலேயே இருக்கும் மூக்குமடிப்புதான். காற்றைச் சூடாக்குவது அதுதான். ஒவ்வாமையில் அது வீங்கி வெளுத்து, ஈரமான திராட்சைப் பழம்போல வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். டார்ச்சில் பார்ப்பவருக்குப் புதிதாக ஏதோ முளைத்தது போலத்தான் தெரியும். உண்மையான மூக்குச்சதையும் சிலருக்கு வருவதுண்டு, அதனால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆனால் மருந்தை முறையாக எடுத்தும் அடங்காதவர்களுக்குத்தான் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்போம். நீங்கள் இன்னும் சரியான மருந்தையே தொடங்கவில்லை. ஆகவே இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

அந்திக் குளியல் விஷயம். தலையில் ஊற்றும் தண்ணீர் மண்டைக்குள் இறங்கி மூக்கு வழியாக வர வழியே இல்லை. தொழிற்சாலை வேர்வையோடு வந்தவர் குளிக்காமல் எப்படிப் படுப்பது? தாராளமாகக் குளியுங்கள். சொல்லப்போனால் தலையில் படிந்த தூசி தலையணைக்குப் போகாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் மாமியார் ஒன்றுமில்லாததைச் சொல்லவில்லை. ஏற்கெனவே உறுத்தலில் இருக்கும் மூக்கு, திடீர்க் குளிர்ச்சி பட்டால் நரம்புத் தூண்டலால் ஒழுகும். பஸ்ஸில் ஏர்கோன் காற்று முகத்தில் அடித்தால் உங்களுக்கு ஒழுகுகிறதா என்று கவனியுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, தலையை நன்றாகத் துவட்டினால் போதும். அவர் மனமும் ஆறும்.

மாமனாருக்கு மீன் கறி சாப்பிடும்போது மட்டும் மூக்கு ஒழுகும் என்று எழுதியிருந்தீர்கள். அது வேறு கதை. மிளகாயின் காரம் நரம்பைத் தூண்டுவதால் வருவது. வயதானவர்களுக்குக் கூடுதலாக இருக்கும். ஆபத்து இல்லை, ஒரு கைக்குட்டை போதும்.

அந்தச் சின்னப் பாட்டில்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் ஊர் கிளினிக்கில் வாரத்துக்கு ஒருவராவது இந்தச் சிக்கலோடு வருகிறார்கள்.

பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். ஆக்சிமெட்டசோலின் அல்லது சைலோமெட்டசோலின் என்று போட்டிருக்கும். வீங்கிய மூக்குமடிப்பில் உள்ள இரத்தக்குழாய்களை இறுக்கிச் சுருக்குவது இந்த மருந்தின் வேலை. விட்ட ஐந்து நிமிடத்தில் மூச்சு வந்துவிடும், அந்த நிம்மதி எனக்குப் புரிகிறது. ஆனால் தொடர்ந்து விட்டால் மருந்தின் பிடி தளரும்போது குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கிக்கொள்ளும். உடனே மறுபடி விடுவோம். மறுபடி வீங்கும். இரவில் ஒருமுறை, அப்புறம் காலையில், அப்புறம் பஸ்ஸில் என்று ஐந்து முறைக்கு நீங்கள் வந்த பாதை இதுதான். உங்கள் இரவு மூக்கடைப்பில் பெரும்பகுதி இப்போது ஒவ்வாமையால்கூட அல்ல, இந்த மருந்தால்தான் என்று நினைக்கிறேன். இதை ஐந்து நாளுக்கு மேல் விடக் கூடாது. நீங்கள் ஐந்து மாதம் விட்டிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தவர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

நாளைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று சொன்னால் இரண்டு இரவு மூச்சுத் திணறி மூன்றாம் நாள் மறுபடி வாங்குவீர்கள். அதனால் வேறு மாதிரி செய்வோம். கீழே சொல்லப்போகும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை முதலில் தொடங்குங்கள். ஒரு வாரம் கழித்து வலது மூக்கில் சொட்டு விடுவதை மட்டும் நிறுத்துங்கள், இடது மூக்கால் மூச்சு விடலாம். வலது மூக்கு தானாகத் திறந்துகொண்டதும் இடதையும் நிறுத்துங்கள். படுக்கும்போது தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் மூக்கு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது, சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும். இரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு இந்தச் சொட்டு நல்லதல்ல என்பதால் மாமனார் கையில் அது கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரேயும் மாத்திரையும்

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் உப்பும், எலும்பு உருகும் என்று பயப்படுவீர்கள். நீண்டகாலம் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்கு அந்தப் பயம் நியாயம். மூக்கில் அடிக்கும் ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசோனைடு போன்றவை மிகக் குறைந்த அளவில் அந்த இடத்திலேயே வேலை செய்கின்றன. உடம்புக்குள் போவது மிகச் சொற்பம். ஒவ்வாமை மூக்குக்கு இன்று இருக்கும் மருந்துகளில் நன்றாக வேலை செய்வது இதுதான். மூக்கு காய்ந்துபோவது, லேசாக இரத்தம் கசிவது ஆகியவை வரலாம். அவையும் பெரும்பாலும் தவறாக அடிப்பதால்தான்.

அடிக்கும் முறையைக் கிளினிக்கில் பொறுமையாகக் காட்ட நேரம் கிடைப்பதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். முதலில் மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். பாட்டிலைக் குலுக்குங்கள். தலையை அண்ணாந்து வைக்காமல் சற்றே குனிந்து கொள்ளுங்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. இப்படிக் கையை மாற்றிப் பிடித்தால் குழாயின் முனை தானாகவே வெளிப்பக்கம், அந்தப் பக்கத்துக் கண்ணின் ஓரத்தை நோக்கித் திரும்பும். நடுத்தண்டில் படக் கூடாது, இரத்தம் வருவது அங்கிருந்துதான். அடித்ததும் பூவை முகர்வது போல மெல்ல இழுங்கள். தொண்டையில் கசந்தால் நீங்கள் பலமாக உறிஞ்சிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இது சொட்டு மருந்தைப் போல ஐந்து நிமிடத்தில் திறக்காது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். தினமும் அடிக்க வேண்டும், ஒழுகும்போது மட்டும் அடித்தால் வீண். "நாலு நாள் அடித்தேன் டாக்டர், ஒன்றும் ஆகவில்லை" என்று பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு வருபவர்களே அதிகம். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

மஞ்சள் மாத்திரை குளோர்ஃபெனிரமின் என்ற பழைய மருந்து. மூளைக்குள் போய் மயக்கம் தருவது அதன் சுபாவம். இயந்திரத்தின் முன் நிற்பவர், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் அதைப் பகலில் போடவே கூடாது. உங்களுக்குக் கண் சொக்கியதைப் படித்தபோது எனக்கு உள்ளூரப் பதறியது. லோராட்டடின் போன்ற புதிய வகை மாத்திரைகள் தூக்கத்தை வரவழைப்பது குறைவு, ஒரு நாளைக்கு ஒன்று போதும். செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும், ஆகவே இரவில் போடலாம். தும்மல், அரிப்பு, ஒழுக்கு மூன்றையும் இந்த மாத்திரைகள் குறைக்கும். அடைப்புக்கு மட்டும் அவ்வளவாக உதவாது. நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ எந்த மருந்துக்கு முன்பும் அதைச் சொல்லிவிடுங்கள்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் நல்ல பழக்கம். கால் லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய அரை தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. ஒரே ஒரு கண்டிப்பு: தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரையோ தொட்டித் தண்ணீரையோ அப்படியே மூக்கில் விடாதீர்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத ஒருவகை அமீபா, மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கும். மிக அரிதானதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம்.

மாமியார் வைத்துத் தரும் மிளகு ரசம், துளசித் தண்ணீர் எல்லாம் குடியுங்கள். சூடான நீர் தொண்டைக்கு இதம். ஒவ்வாமையைத் தீர்க்காது, தீங்கும் செய்யாது. ஆவி பிடிப்பதில் மட்டும் எனக்குப் பயம். கொதிக்கும் சட்டியைப் பாயில் வைத்து, போர்வைக்குள் பிள்ளையை உட்கார வைத்து, அவன் கால் பட்டுச் சட்டி கவிழ்ந்து தொடை வெந்துபோன குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். மகனுக்கு ஆவி வேண்டவே வேண்டாம்.

படுக்கையும் புகையும்

காலையில் ஏன்? இரவெல்லாம் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது எதில் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு வாங்கிய இலவம்பஞ்சு மெத்தை, பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது, மூவரும் அதில்தான் படுக்கிறோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டுத் தூசியில் தூசி உண்ணி என்ற பூச்சி வாழ்கிறது. அளவு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதற்குத் தீனி, காற்றில் உள்ள ஈரம்தான் அதற்குத் தண்ணீர். நம் நாட்டின் ஈரப்பதத்தில் அது ஆண்டு முழுவதும் செழிப்பாக வாழும். மேலைநாட்டு வீடுகளில் அதிகம் இல்லாத புளோமியா என்ற வகையும் நம் பக்கத்து வெப்பநாடுகளில் நிறைய உண்டு. பிரச்சினை அது கடிப்பதால் அல்ல, அதன் கழிவால். தலையணையைத் தட்டும்போதும் புரண்டு படுக்கும்போதும் அந்தக் கழிவுத் துகள் எழும்பி மூக்குக்குள் போகிறது.

இலவம்பஞ்சு மெத்தையைத் துவைக்க முடியாது. முடிந்தால் அதற்கு விடை கொடுத்துவிடுங்கள். கையில் காசு இல்லாத மாதமென்றால் வெயில் நன்றாக அடிக்கும் நாளில் இரண்டு பக்கமும் காயப்போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேறு யாராவது வெளியே வைத்துத் தட்டட்டும். நீங்கள் தட்ட வேண்டாம். பாயில் படுத்து வளர்ந்தவர்கள்தானே நாம், கொஞ்ச நாள் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். தலையணை உறை, போர்வை, மகன் கட்டிக்கொண்டு தூங்கும் துணிப் பொம்மை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கை பொறுக்காத சூட்டில், 60 டிகிரி அளவிலான வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். குளிர்ந்த நீரில் அந்த உண்ணி சாகாது. ஈரத்துணியால் துடைப்பது நல்லது, விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி எழும்பும். உண்ணி புகாத மெத்தை உறை என்று கடைகளில் விற்கிறார்கள். அதை மட்டும் மாட்டிவிட்டு மற்றதை விட்டுவிட்டால் பலன் தெரியாது, ஆகவே அதற்கு முதலில் செலவழிக்காதீர்கள்.

அப்புறம் புகை. கட்டிலுக்கடியில் இரவு முழுவதும் கொசுவத்தி எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சன்னலையும் சாத்திவிடுகிறீர்கள். செவ்வாய், வெள்ளி சாம்பிராணி வேறு. புகை ஒவ்வாமைப் பொருள் அல்ல, ஆனால் புண்பட்ட மூக்கை உறுத்திக்கொண்டே இருக்கும். டெங்கிப் பயம் உள்ள ஊரில் கொசுவை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கொசுவலை கட்டுங்கள், வத்தியை நிறுத்துங்கள். சாம்பிராணியை நிறுத்தச் சொல்லி வீட்டில் சண்டை வேண்டாம், தூபக்காலை வாசலில் வைத்துக் காட்டிவிட்டு, சாமியறையில் விளக்கு மட்டும் ஏற்றச் சொல்லி அத்தையிடம் பேரனுக்காக என்று கேளுங்கள். கணவர் சிகரெட் பிடிப்பவர் என்றால் வீட்டுக்குள் கூடவே கூடாது. 2015லும் 2019லும் பள்ளிகளை மூடுமளவு புகைமூட்டம் வந்தது நினைவிருக்கும். அப்படியான நாள்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் மகனை வெளியே ஓடி விளையாட விடாதீர்கள்.

வேலையை விடலாமா

அவசரப்பட வேண்டாம். தொழிற்சாலைத் தூசி காரணமாக இருந்தால் வேலைக்குப் போன பிறகு மோசமாகி, விடுமுறையில் நன்றாக வேண்டும். உங்களுக்கு நேர்மாறு. ஞாயிறு காலையிலும் ஒழுகுகிறது, வேலைக்குப் போய்ப் பத்து மணிக்கு அடங்குகிறது. ஆகவே சந்தேகம் வீட்டின் மேல்தான். இருந்தாலும் இயற்கை ரப்பர் பாலில் உள்ள புரதத்துக்கு ஒவ்வாமை என்பது உண்மையிலேயே இருக்கிறது. கையுறை மாட்டினால் கை தடித்து அரிக்கிறதா? மகனுக்குப் பலூன் ஊதிக் கொடுத்தால் உதடு வீங்குகிறதா? ஆம் என்றால் அதைக் கிளினிக்கில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பல் பிடுங்கும்போதும் பிரசவத்தின்போதும் அது முக்கியமாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் வேலை நாள், லீவு நாள் எது, மூக்கு எப்போது ஒழுகியது என்று குறித்து வையுங்கள், மருத்துவருக்கு அதுவே பெரிய உதவி.

வேலையிடத்துத் தூசிதான் என்று மருத்துவர் உறுதிப்படுத்தினாலும் முதலில் கேட்க வேண்டியது இடமாற்றம். பாதுகாப்பான வேலையிடத்தைத் தர வேண்டிய கடமை 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி முதலாளிக்கு உண்டு. தொழில்சார்ந்த நோய்க்கு சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பிலும் வழி இருக்கிறது. நீங்களாக ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் இந்த வழிகளெல்லாம் சிக்கலாகும். மூக்குக்காக லீவு எடுத்ததற்கு சூப்பர்வைசர் சத்தம் போட்டார் என்றீர்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் ஐந்து ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 18 நாள் மருத்துவ விடுப்பு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலேயே இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் கையில் இருந்தால் தயங்காதீர்கள்.

உங்கள் மகன்

இப்போது அந்தக் கடைசி வரி. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. பள்ளியில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். ஆனால் சளி இல்லாத நாள்களிலும் இரவில் இருமுகிறான் என்றால் நான் ஆஸ்துமாவைப் பற்றிக் கேட்பேன். மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் மேல் முனையும் கீழ் முனையும்தான். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு ஒவ்வாமையும் இருக்கிறது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பும் அதிகம்.

நாளைக் காலை வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பாருங்கள். மூக்கின் நுனிக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு மெல்லிய கோடு இருக்கிறதா? உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து விழும் மடிப்பு அது. கண்ணுக்குக் கீழே கருமை? வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா, குறட்டை விடுகிறானா? ஓடினால் இருமலா, மூச்சு விடும்போது விசில் சத்தமா? "சோம்பேறி, பந்து விளையாடப் போனால் உட்கார்ந்துவிடுகிறான்" என்று ஆசிரியர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவன் சோம்பேறி என்று எனக்குத் தோன்றவில்லை.

பாலை நிறுத்த வேண்டாம். பால் சளியை உண்டாக்குவதில்லை. வாயில் சற்றுக் கெட்டியாக உணர்வதால் அப்படித் தோன்றுகிறது. பால் குடித்ததும் உடம்பில் தடிப்பு வந்தாலோ வாந்தி எடுத்தாலோ மட்டும் அது வேறு விஷயம். உங்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்து அவனுக்குக் கொடுக்காதீர்கள், சொட்டு மருந்தையும் விடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஏற்ற ஸ்பிரே உண்டு, அளவை மருத்துவர் சொல்லட்டும். நீண்ட நாள் அடித்தால் உயரத்தை அவ்வப்போது அளந்து பார்த்துக்கொள்வோம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே புளியங்கொட்டையோ பென்சில் ரப்பரோ சிக்கியிருக்கலாம், நீங்களாக நோண்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தலையில் அடிபட்ட பிறகு ஒரு மூக்கில் தெளிந்த நீர் சொட்டினால் அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். சளி குறைந்து வந்து மறுபடி காய்ச்சலோடு முகவலி ஏறினாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ தாமதிக்காதீர்கள். மகனுக்கு மூச்சு இழுக்கும்போது விலாவுக்கிடையில் குழி விழுந்தால், ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலமானால், நள்ளிரவானாலும் உடனே புறப்படுங்கள், 999க்கு அழையுங்கள்.

அவசரம் இல்லையென்றால் உங்கள் ஊருக்குப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். இருவரும் ஒன்றாகவே போங்கள், மகனை முதலில் காட்டுங்கள். சொட்டு மருந்துப் பாட்டிலையும் மஞ்சள் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். இன்றிரவு அவன் இருமும்போது விளக்கைப் போட்டுச் சட்டையை உயர்த்தி, நெஞ்சு தெரியும்படி ஒரு நிமிடம் கைப்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். பகலில் கிளினிக்கில் அவன் ஒரு முறைகூட இருமாமல் உட்கார்ந்திருப்பான். அந்த வீடியோவை மருத்துவரிடம் காட்டுங்கள்.